முழுக்கு

ஜூலை 14, ஞாயிறு

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி தாராபுரம் ஆற்றில் முழுக்கு என்று பாஸ்டர் அறிவித்தார். எங்கள் சபைக்குத் தொட்டி கிடையாது. மூடிப் போன நிட்டிங் கம்பெனியின் மாடியில் கூடுகிறவர்களுக்குத் தொட்டி எங்கிருந்து வரும்? முழுக்கு ஞானஸ்நானம் என்று நீட்டிச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. முழுக்கு என்றால் வேன் டிரைவருக்குக்கூடப் புரியும்.

பேர் கொடுக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். நான் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அன்புசெல்வி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. அவள் ஓவர்லாக் தைக்கிறாள், நான் செக்கிங். என்னை முதன்முதலில் சபைக்குக் கூட்டி வந்தவள் அவள்தான், அந்த உரிமை.

முன்பும் பேர் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை ஆற்றில் தண்ணீர் இல்லை. ஒரு தடவை ஷிப்மென்ட், கம்பெனியில் சரக்கு ஏற்றுமதிக்குப் போகும் நாள். போன தடவை காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

எதற்குப் பயப்படுகிறேன்? அம்மாவுக்குத்தான். வேறு யாருக்கு.

ஜூலை 17, புதன்

ஜெபம் பண்ண உட்கார்ந்தால் மாவு பொங்கிவிட்டதோ என்று எழுந்து போகிறேன். மாவு பொங்கவில்லை. திரும்ப உட்காரவும் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

என்ன காரியம் செய்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

மத்தியானம் உசிலம்பட்டியிலிருந்து தம்பி வீரணன் போன் செய்தான். அவன் மகளுக்குச் செப்டம்பர் ஐந்தாம் தேதி குலசாமி கோயிலில் காதுகுத்து. "அத்தைக்காரி நீ இல்லாமலா? அம்மா இந்தா இருக்கு, பேசு" என்று சொல்லிவிட்டுப் போனைக் கைமாற்றிவிட்டான். மாசி மாதம் ஊரில் நடந்த சண்டைக்குப் பிறகு அம்மா என்னோடு பேசவே இல்லை. சர்ச்சுக்குப் போகிறவள் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்றுவிட்டாள். இன்றைக்குக் காதில் அவள் மூச்சு கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. சொல்லிவிடுவோம், ஒரேயடியாகச் சொல்லிவிடுவோம் என்று உளறினேன்.

"எம்மா, அந்தச் சர்ச் விசயத்துல ஒரு முடிவு எடுத்துட்டேன். அடுத்த மாசம் முழுக்குப் போட்டுரப் போறேன்."

 அம்மா அழுதாள். "இப்பத்தான் ஆத்தா எனக்கு உசுரு வந்துச்சு. சனியன் விட்டுச்சுன்னு முழுக்குப் போட்டுட்டு வா."

அப்போதுதான் உறைத்தது. முழுக்குப் போடுகிறேன் என்றால் ஊரில் விட்டுத் தொலைக்கிறேன் என்றல்லவா அர்த்தம். நானே சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் முழுக்குப் போட்டேன். மூன்று வருடம் சபையோடு பேசிப் பேசி என் தாய்மொழி எனக்கு மறந்துவிட்டது.

உடனே திருத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா ஆத்தா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 22, திங்கள்

முனீஸிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் சபைக்கு வருவதில்லை. என்னை வாசலில் இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், அவர் பக்தி அது வரைக்கும்தான். முனீஸுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"உங்கம்மாவுக்குத் தமிழ் தெரியும் புள்ள. உங்க சபைக்குத்தான் தெரியலை. நீ தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கிறதப் பாத்தா, அது சொல்றதுதான் சரியோ என்னமோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 26, வெள்ளி

அம்மா தினமும் போன் செய்கிறாள். இன்று பஸ் டிரைவர் கையில் ஒரு பை மொச்சை கொடுத்து அனுப்பியிருந்தாள். குழம்பு வைத்தேன். ருசித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 27, சனி

சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

முழுக்கு எடுக்கிறவர்களுக்கு வகுப்பு. பாஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டார், முழு மனதோடு வருகிறீர்களா என்று. என் முறை வந்தபோது ஆமா என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

கம்பெனியில் என் மேஜைக்கு வரும் பீஸில் ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போடுகிறேன். தைத்தவர் கெஞ்சினாலும் விடமாட்டேன். வேல்விழி கண்ணில் எதுவும் தப்பாது என்று பேர் வேறு. எனக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டுவது?

ஆண்டவரே, எனக்கு அம்மாவும் வேண்டும், நீரும் வேண்டும். இதில் என்ன தப்பு? தப்பு இல்லை என்றால் ஏன் தூக்கம் வரமாட்டேன் என்கிறது?

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மேனேஜர் சிவபிரகாஷ் மேஜைக்கே வந்தார். "ஏனுங்க வேல்விழி, பதினெட்டாந்தேதி ஞாயித்துக்கிழமை வர முடியுங்களா? ஷிப்மென்ட் இருக்குதுங்க. நீங்க இல்லீன்னா செக்கிங் அப்படியே நின்னு போயிருமுங்க."

யோசிக்கவே இல்லை. வர்றேனுங்க என்றேன். மனதிலிருந்து பாரம் இறங்கியது. ஷிப்மென்டை யாரும் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் ஷிப்மென்ட் என்றால் கல்யாணத்தையே தள்ளி வைப்பார்கள்.

அன்புசெல்வியிடம் சொன்னேன். அவள் நிமிராமல் மிஷினில் நூல் மாட்டிக்கொண்டிருந்தாள். நல்ல வார்த்தை சொல்லாவிட்டாலும் போகட்டும், திட்டவாவது செய்யலாம் அல்லவா?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சிவபிரகாஷ் மறுபடி வந்தார். கப்பல் ஒரு வாரம் தள்ளிப் போய்விட்டதாம். "ஞாயித்துக்கிழமை யாரும் வர வேண்டாமுங்க, ஊட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க."

கடலுக்கே நான் என்றால் இளக்காரம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அம்மா வந்திருக்கிறாள். பேத்திக்குக் காதர்பேட்டையில் துணி எடுக்க வேண்டுமாம். வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தாள். வசனம் எழுதிய காலண்டரை நான் காலையிலேயே கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

நான் இவ்வளவு மட்டமானவளா?

ஆகஸ்ட் 17, சனி

சொல்லிவிட்டேன்.

காதர்பேட்டையில் ஒரு கடையில் சின்னக் கவுன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழக்க தோஷம், ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பித் தையல் பார்த்தேன். அம்மா சிரித்தாள். "இவளக் கூட்டிட்டு வந்தா கடைக்காரன் கடையச் சாத்திட்டுப் போயிருவான்." எத்தனை மாதம் ஆயிற்று அவள் என்னைக் கேலி பண்ணி. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உம்பேர்ல ஒரு கிடா நேந்துருக்கேன் ஆத்தா. எம்புள்ள திரும்பி வந்துருச்சுல்ல. காதுகுத்தன்னைக்கே வெட்டிருவோம்."

போனில் பேசிய பொய்யை எப்படியோ சுமந்துவிட்டேன். அதற்காக ஒரு உயிர் போவதா? 

"கிடா வேணாம்மா."

"ஏன்?"

"நான் சர்ச்ச விடலைம்மா. முழுக்குன்னா அங்க வேற. ஆத்துல முங்கி எந்திரிக்கிறது. இனிமே முழுசா அவருக்குன்னு சொல்றது. நாளைக்குத்தான்."

அம்மா கையில் இருந்த கவுனை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

"அன்னைக்குப் போன்ல நான் அழுதப்ப, நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமா."

"நான் தப்பா நெனச்சுட்டேன்னு தெரிஞ்சே இருந்த."

"ஆமாம்மா."

"நீ எந்தச் சாமியையும் கும்பிடு. பெத்தவளக் கிறுக்கியாக்கிட்டியேடி."

சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்தக் கவுனையே வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் நின்று எம்மா எம்மா என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

காலண்டரை எடுத்து மாட்டினேன். மாட்டிவிட்டு அழுதேன். நாளைக்குப் போகப் போவதில்லை. எந்த முகத்தோடு போவது?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போனேன்.

முனீஸ்தான் எழுப்பினார். "பெத்தவகிட்டயும் கெட்ட பேரு வாங்கியாச்சு. இப்ப அதுக்கும் போகாம இருந்தா எதுக்குடி இதெல்லாம்?" வேன் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டார். இன்று டீக்கடைக்குப் போகாமல் வேன் கிளம்பும் வரை நின்றார்.

அமராவதியில் தண்ணீர் முழங்காலுக்குத்தான். முங்க வேண்டுமென்றால் உட்கார வேண்டும். பாஸ்டர் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை ஆமா வரவில்லை. "முழு மனசு இருக்கான்னு தெரியல பாஸ்டர். அம்மாவை அழ வச்சுட்டு வந்திருக்கேன். ஆனா வந்துட்டேன்." அவர் ஒன்றும் பிரசங்கம் பண்ணவில்லை. உட்காருங்கம்மா என்றார். அமுக்கினார்கள். தோள் வெளியே தெரிந்ததாம், மறுபடியும் அமுக்கினார்கள். மூக்கெல்லாம் மணல்.

பரலோகம் திறந்த மாதிரி இருக்கும் என்று அன்புசெல்வி சொல்லியிருந்தாள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. குளிர்ந்தது. ஆனால் கரையேறி வரும்போது, யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. வேனில் வரும் வழியெல்லாம் அழுதேன். பாதி சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஷிப்ட் முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். கட் செய்துவிட்டாள்.

ஆகஸ்ட் 21, புதன்

இன்றும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஷிப்மென்ட், சபைக்குப் போக முடியவில்லை. முழுக்கு எடுத்த அடுத்த வாரமே. இதை என்னவென்று சொல்வது. மேஜையிலேயே கண்ணை மூடி ரெண்டு வார்த்தை சொன்னேன். ஒரு முழுக்கில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தவள் நான். கோபம் அப்படியே இருக்கிறது, பயம் அப்படியே இருக்கிறது, காலையில் எழுந்ததும் எல்லாவற்றோடும் மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இப்படித்தான் கடைசி வரைக்குமா? யாரும் இதைச் சொல்லவே இல்லையே.

ஆகஸ்ட் 28, புதன்

வீரணன் பேசினான். என் பேரில் நேர்ந்த கிடாவை அம்மா அவன் மகள் பேருக்கு மாற்றிவிட்டாளாம். "நீ வா. நான் கூப்பிடுறேன்ல, வா" என்றான். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

இன்றும் போன் போட்டேன். எடுக்கவில்லை. "விடு புள்ள, மானம் மரியாதை இல்லையா உனக்கு" என்கிறார் முனீஸ். விடமாட்டேன். அதற்கு முழுக்குப் போட மாட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சபையில் மூத்தவர் கமலாம்பாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, இப்பத்தான் முழுக்கெடுத்திருக்கற. கோயில் வாசலுக்குப் போலாமா?"

"கோயிலுக்குப் போகலீங்கம்மா. தம்பி ஊட்டு விசேசத்துக்குப் போறேனுங்க."

"அங்க போயி எல்லாத்துக்கும் தலையாட்டீட்டு வந்தறாத."

கோபம் வந்தது. தலையாட்டுவேனோ என்று எனக்கே பயம் இருப்பதால்தான் கோபம். போகாவிட்டால் கோழை, போனால் விசுவாசத்தில் வழுக்கல். எது வைராக்கியம், எது பிடிவாதம் என்று யாரைக் கேட்பது?

போகிறேன். தெரிந்தே போகிறேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

நேற்று முனீஸோடு போய்விட்டு இன்று காலை வந்து சேர்ந்தோம்.

கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றேன். பூசை நடக்கும்போது உள்ளே வா என்று ரெண்டு பேர் கூப்பிட்டார்கள். இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன்.  பிள்ளை வீரிட்டு அழுது முடித்த பிறகு அத்தை முறைக்கு என் சீர்த் தட்டை வாங்கிக்கொண்டார்கள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு பந்தி. படைத்த கறியை நான் தொடமாட்டேன் என்று ஊருக்கே தெரியும். மாசியில் சண்டை வந்ததே, சாமிக்கு வைத்து எடுத்த சோற்றை அம்மா நீட்டி, நான் வேண்டாம் என்றதால்தான். வெறும் சோறும் ரசமும் போதும் என்று நினைத்து இலையில் உட்கார்ந்தேன். அம்மாதான் கறிவாளியோடு வந்தாள். முனீஸுக்குப் போட்டாள். எனக்குப் போடாமல் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டாள். பக்கத்து இலைக்காரர்கள் என்னையே பார்த்தார்கள். எழுந்துவிடலாமா என்று இருந்தது. எழவில்லை.

வரிசை முடிந்ததும் அம்மா திரும்பி வந்தாள், கையில் வேறொரு சின்னத் தூக்குவாளி. என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து இலையில் கறியைக் கவிழ்த்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி வீட்டுல தனியா ஆக்குனது. படைக்கல. தின்னு."

உப்பு கொஞ்சம் கூட. இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.