முக்கூடல் கிருமிக்குப் புதுப்பெயர் இல்லை

ஏலே ஜெபா, என் தங்கமே,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நல்ல செய்தி ஒன்று வரட்டும், எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். வந்தது, உன் கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து ஒரு கேள்விதான்.

முக்கூடல் ஆற்றுச் சேற்றிலிருந்து நீ எடுத்த பாக்டீரியாவும், ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்ட இன்னொன்றும் மரபணு வரிசையில் அநேகமாக ஒன்றுதான். இரண்டின் கொழுப்பு அமிலங்களையும் அளந்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு நம் கல்லூரி லேபிலேயே துள்ளினாய். "யக்கா, இது புது இனம்தான்! அம்மா ஊர் பேரத்தான் வைக்கப் போறேன்." கட்டுரையை அனுப்பிய மறுவாரமே மாரடைப்பு. முப்பத்திரண்டு வயதில் அது வரலாமா?

கேள்வி இதுதான்: இரண்டையும் ஒரே உணவில், ஒரே வெப்பநிலையில், ஒரே நேர அளவு வளர்த்தீர்களா?

வளர்த்தது நான். நோட்டில் இரண்டுக்கும் இருபத்தெட்டு டிகிரி என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று இருபத்தெட்டு டிகிரி வளர்ப்புப் பெட்டியில் என் வகுப்புப் பிள்ளைகளின் கிருமித் தட்டுகள் அடைத்துக் கிடந்தன. உன் தட்டை மட்டும் எப்படியோ நுழைத்துவிட்டு, மற்றதைப் பக்கத்துப் பெட்டியில், முப்பத்தேழு டிகிரியில் தள்ளினேன். எங்கன இருந்தா என்ன, வளரத்தானே போகுது என்ற மெத்தனம். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிற மாதிரித் தன் கொழுப்பும் உறைந்துவிடாமல் இருக்க, பாக்டீரியா குளிர்ச்சிக்கு ஏற்ப அதன் சேர்மானத்தை மாற்றிக்கொள்ளும் என்று வருடாவருடம் வாய் கிழியப் பாடம் எடுக்கிறவள் நான். எனக்கா தெரியாது?

இப்போது இரண்டையும் ஒரே பெட்டியில் வளர்த்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் வரைபடங்கள் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்திவிட்டன. அது புது இனம் இல்லை ஜெபா.

அளவீட்டில் பிழை என்று மட்டும் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா உன் கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே 'புதிய நுண்ணுயிர் இனம் கண்டவர்' என்று வெட்டச் சொல்லியிருந்தார். நான் ஓடிப்போய் அந்த வரியை நிறுத்தினேன்.

"ஏன்ட்டி நிறுத்தச் சொல்லுத?" என்றார்.

"அளந்தது தப்பாப் போச்சுப்பா. ரெண்டும் ஒண்ணுதான்."

"யாரு செஞ்ச தப்பு?"

என் வாயில் வந்தது இதுதான்: "தம்பி கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்."

"அவன் எப்பவும் அப்படித்தாம்ட்டி. எதையும் பைய செய்ய மாட்டான்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போனார். அன்றிலிருந்து அவர் உன் பேச்சையே எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாராவது, "உங்க மவன் என்னமோ கண்டுபிடிச்சான்னு சொன்னியளே, என்னாச்சு அண்ணாச்சி?" என்றால், செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொள்கிறார்.

நீயா அவசரக்காரன்? கட்டுரையை அனுப்பும் முன் நோட்டும் கையுமாக வந்து, "யக்கா, ரெண்டும் ஒரே பெட்டியிலதான இருந்துச்சு?" என்று இரண்டு தடவை கேட்டாயே. மறந்துபோயிற்று என்று சொல்லித் தப்பிக்கலாம். மறக்கவில்லை. மறுபடி வளர்த்தால் இன்னும் இரண்டு நாள் ஆகுமே என்ற சோம்பல். கூடவே, தம்பியிடம் தப்பை ஒத்துக்கொள்வதா என்ற திமிர். "என்னைய நம்பமாட்டியாலே?" என்று உன் வாயை அடைத்தேன். நீயும் சிரித்துக்கொண்டே போய்விட்டாய். அன்று உன்னிடம் பொய். இன்று உன்மேலேயே பழி. செத்தவன் திரும்பிக் கேட்கமாட்டான் என்கிற தைரியம்தானே எனக்கு? சீ, நானும் ஒரு அக்காவா?

உன் நினைவாக நம் கல்லூரி மலரில் வரப்போகிற இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும் முன் அப்பா எதிரில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் வாசிப்பேன். ஆய்விதழுக்கும் என் பெயரைச் சொல்லி எழுதுவேன். அப்பா என்னைத் திட்டட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். இனி உன்னை நினைத்து அவர் தலை குனிய விடமாட்டேன், ஜெபா. குனிய வேண்டுமென்றால் என்னை நினைத்துக் குனியட்டும்.

நீ கேட்டபோது பொய் சொன்ன
உன் அக்கா
எஸ்தர்