நல்ல தண்ணீரில் சாயும் மீன்

காஞ்சனா அப்பாவுக்கு,

கடைச் சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. சோறும் புளிக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, சடகோபன் சார் வீட்டுக்குப் போகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து வந்த அலங்காரக் கடல் மீன்களை இன்று யார் கேட்டாலும் விற்காதீர்கள். வாளியில் உப்பில்லாத நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மீனையும் அதில் ஐந்து நிமிஷம் விட்டு, பிறகு தனித்தொட்டியில் போடுங்கள். செவுளில் ஒட்டிய பூச்சி வெள்ளையாக உதிரும். மீன் சாய்ந்து படுக்கும், சாகாது. பட்டாளத்தில் இருந்த மனுஷன் நீங்கள், போன தடவை அதைப் பார்க்கப் பொறுக்காமல் பாதியிலேயே தூக்கிவிட்டீர்கள். அப்படியே சாருக்கு விற்றும்விட்டீர்கள். அந்தப் பூச்சிதான் அவர் தொட்டியையே காலி பண்ணியது.

நேற்று அவர் கடைக்கு வந்து, "எங்க வீட்டுக் குட்டி வல்லி தீனிய அள்ளிப் போட்டுட்டா. நீங்க குடுத்த மீனையெல்லாம் கொன்னுட்டோம், மன்னிச்சிருங்க" என்றார். நீங்கள் "பரவாயில்ல சார்" என்றீர்கள்! ராத்திரி நான் கேட்டதற்கு, "தானா மறந்துருவாக, விடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

வல்லிக்கு எட்டு வயசு. மீன் செத்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். அவளிடம்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

நாச்சியார்

மீன் சாயும்போது பார்க்க முடியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் தூக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: உங்கள் பெயரை மட்டும் தனியாகச் சொல்ல மாட்டேன். தப்பு எங்கள் இரண்டு பேருடையது என்றுதான் சொல்வேன்.