ஆறு அங்குலமா, எட்டு அங்குலமா?

அன்புள்ள வச்சலாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலிக்குத் துணையாக நீ கருங்குழி போயிருப்பதாகத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். பெரிய டெலஸ்கோப் வாங்கப்போவதாக நான் சொன்ன அன்றே அந்த வலி வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

என்னோடு நிலா பார்க்க வரும் நீலமேகம் மீன் பிடிப்பவன் என்பதால் நம் மாடிப்படி ஏறக் கூடாதாம். வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நிலா என்னவோ அவர் பாட்டன் சொத்து போல! என் சின்ன டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மாமல்லபுரம் குப்பத்துக்கே போனேன்.

நீலமேகம் கடலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவன் மனைவி ஆதியம்மாள் டெலஸ்கோப்பில் கடலைப் பார்த்தாள். வானம் பார்க்கிற டெலஸ்கோப் எதையும் தலைகீழாகத்தான் காட்டும். அதை நான் சொல்வதற்குள், "ஐயோ, கட்டுமரம் கவுந்துபோச்சே! எம் புருசன் தலகீயா தொங்கிகினு கீறானே!" என்று அலறினாள். குப்பமே கரைக்கு ஓடி வந்தது.

நீலமேகம் சாவகாசமாகக் கரையேறினான். "இன்னா அண்ணாத்த, என்னைக் கவுத்துட்டியாமே? பெர்சு வாங்கினா நேரா காட்டுமா?"

"இன்னும் பெரிசாக் கவுக்கும்" என்றேன்.

ஆதியம்மாள் சிரிக்கவில்லை. அவன் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு அங்குலக் கண்ணாடி வைத்தது என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும், நான் ஒருவனே தூக்கிவிடுவேன். எட்டு அங்குலம் என்றால் சைக்கிளை விற்க வேண்டும். அதைப் பஸ்ஸில் ஏற்ற இன்னொருவர் மறுமுனையைப் பிடிக்கவும் வேண்டும்.

எது வாங்கலாம் என்று நீயே சொல். ஆறு என்றால் ஒரு கார்டு போடு. எட்டு என்றால் எழுத வேண்டாம், வந்துவிடு.

இப்படிக்கு,
சைக்கிளை ஏற்கெனவே விற்றுவிட்ட
உன் கணவன்