சூளைக் கதவும் டெலிபோன் கரியும்

மங்கலம்பேட்டை பழைய இரும்புக் கடையில் இன்று ஒரு கறுப்பு டெலிபோன் கிடந்தது. பேசும் பக்கத்து மூடியைத் திருகினேன். உள்ளே கரி வில்லை. "வேணுங்களா?" என்றார் கடைக்காரர். மூடியைத் திரும்ப மாட்டி வைத்தேன், மச்சான்.

எல்லாரும் செல்போனுக்கு மாறிய காலத்தில்தானே நீ அந்தக் கருவியைச் செய்தாய்? டெலிபோன் கரி, அதை அழுத்தும் கெட்டி ரப்பர் குச்சி, பேட்டரி, ஒரு முள். துளி சூடு பட்டாலும் குச்சி நீளும், கரி நெரிபடும், கரண்ட் கூடும், முள் நகரும். "வெள்ளக்காரன் நட்சத்திரத்து சூட்டையே இத வெச்சு அளக்கப் பாத்தானாம்" என்றாய். "மொதல்ல நம்ம சூளைய அளடா" என்று கிண்டலடித்தேன்.

பீங்கான் ஃப்யூஸ் கட்டை சுடும் நம் சூளையில், வாசலை அடைத்த கதவுச் செங்கல்மேல் உள்ளங்கையை வைத்து, ஆறிவிட்டதா என்று பார்த்துத்தான் பிரிப்போம். அதற்கு உன் கைதான். ஒருநாள் அந்தக் கையில் பெரிய கொப்புளம்.

"எப்படா சுட்டுது?"

"தெரியலடா. சக்கரையில கை மரத்துப்போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத, வேல போயிடும்."

ஐயோ, அப்போதுதான் அந்தக் கருவி எதற்கென்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் திருந்தினேனா?

அந்தக் கார்த்திகைக் காலையில் ஈரக்காற்று அடித்தது. "முள்ளு எறங்கல, தொடாத" என்றாய். நான் கை வைத்துப் பார்த்தேன். செங்கல் ஆறியிருந்தது, வெளியே மட்டும். "ஒன் பொம்மைய மூட்ட கட்டு" என்று கதவைப் பிரித்தேன். குளிர்காற்று புகுந்ததும் ஃப்யூஸ் கட்டைகள் டிக் டிக்கென்று விரிசல் விட ஆரம்பித்தன. லோடு முழுக்கப் போயிற்று.

"யாருடா பிரிக்கச் சொன்னது?" என்று வந்தார் முதலாளி.

"இவன்தாங்க. மிஷின பாத்து ஆறிடுச்சின்னான்" என்றேன். அவ்வளவு பயம் எனக்கு.

"கை இருக்கும்போது மிஷின் என்னாத்துக்குடா?" என்று உன்னிடம் கத்தினார். பதில் சொன்னால் கை மரத்ததையும் சொல்லியாக வேண்டும். என்னை ஒருமுறை பார்த்தாய். வாயே திறக்கவில்லை. அன்றைக்கே உன்னை நிறுத்திவிட்டு, உன் இடத்தை எனக்குக் கொடுத்தார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கால் புண் ஆறாமல் நீ போய்ச் சேர்ந்த அன்று உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒங்களப் பத்திதான் பேசுவாருண்ணே. கை மரத்தத அவன் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன், கடைசி வரைக்கும் வெளிய வுடலன்னு பெருமையா சொல்லுவாரு."

நான் தலையாட்டினேன். அந்த நல்ல பெயரோடுதான் இன்றைக்கும் நடமாடுகிறேன்.