முற்றத்தைக் கூட்டாத நாள்

சண்டை போட்டாலும் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடாத என் மதினிக்கு,

அட்டை வந்துவிட்டது மதினி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "சுத்தி வளைக்காம விசயத்தச் சொல்லுட்டி" என்று அங்கிருந்தே அதட்டுவீர்கள். கைவினைஞர் அடையாள அட்டை, நம் சோழபுரத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும். போட்டோவில் எல்லோரும் திருடி மாதிரி முழிக்கிறோம். ஆனால் பெயருக்குக் கீழே அச்சில் போட்டிருக்கிறது: தொழில், பனையோலைப் பெட்டி முடைதல்.

அந்த ஒரு வரிக்காக நீங்கள் எத்தனை படி ஏறினீர்கள்? ராஜபாளையத்தில் நடந்த முகாமில் உங்கள் விண்ணப்பத்தை நிரப்பித் தந்த தம்பி, கேட்காமலேயே தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டான். நீங்கள் தாளைத் திருப்பி அவன் முன்னால் வைத்தீர்கள். "நான் வீட்டுல சும்மா இருக்கேன்னு யாருய்யா சொன்னா? பெட்டி முடையுறேன். அத எழுதுங்க." பின்னால் வரிசையில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த வெட்கத்துக்காகத்தான் வெட்கமாக இருக்கிறது.

மகாராஜபுரத்திலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது உங்களுக்குத் தெரிந்த வேலை வயல்வேலைதான். ஓலையை மெல்லிய கீற்றுகளாக வார்ந்து, நனைத்து, சாயம் போட்டு முடைவதை இங்கே வந்து கற்றுக்கொண்டு எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்காரர்களிடம் பேசி, பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் நம் பெட்டியை வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். பெட்டிக் கட்டுகளை பஸ்ஸில் ஏற்றும்போதெல்லாம் கண்டக்டர் முணுமுணுப்பார், நீங்கள் காது கேளாதவர் மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குப் பொறாமைதான் மதினி, இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

நான் செய்த அந்தக் காரியத்தைப் பற்றியும் எழுதித்தானே ஆக வேண்டும்?

வேலையை நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்த அன்றைக்கே கடையிலிருந்தும் அவசரமாகப் பெட்டி கேட்டார்கள். "செத்த நேரத்துல வந்துருவேன், அவிய வந்தா உக்கார வச்சுப் பேசிக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறினீர்கள். என் சுத்தப் பைத்தியம்தான் ஊருக்கே தெரியுமே. பெரிய மனுசர் வருகிற வீடு இப்படியா குப்பையாகக் கிடப்பது என்று விளக்குமாற்றை எடுத்தேன். வார்ந்த ஓலை எல்லாவற்றையும் அள்ளி மாட்டுக்கொட்டகையில் போட்டேன். சாயச் சட்டியைக் கொல்லைப்புறம் கொண்டு வைத்தேன். முற்றத்தில் சாணி தெளித்துக் கோலம் போட்டேன். எல்லோரையும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச்சொன்னேன்.

வந்தவர் தங்கமான மனுசர். நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் உடைத்துக் கொடுத்த கலர் சோடாவைக் குடித்தார். வேலை எங்கே நடக்கிறது என்று கேட்டார். பூ வைத்துப் பவுடர் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "சும்மா, வேற வேலை இல்லாதப்போ செய்வோம் சார்" என்றேன் நான். அடக்கமாகப் பேசுவதாக நினைப்பு. அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். ஓலை நறுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இங்கே தொழில் நடப்பதாகத் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் என்ன தப்பு? கண்ணால் கண்டதை எழுதினார்.

நீங்கள் திரும்பி வந்து கோலத்தைப் பார்த்தீர்கள், என் சேலையைப் பார்த்தீர்கள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். நீங்கள் கத்தவில்லை.

"ஏட்டி, அவிய பொண்ணு பாக்கவா வந்தாவ? வேலையப் பாக்கல்லா வந்தாவ."

அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மறு விண்ணப்பத் தாளை என் மடியில் போட்டு, உன் கையாலேயே நிரப்பு என்றீர்கள். நிரப்பினேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த மாதம் முடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீங்கள் எங்களுக்கு நேரம் தரவில்லை.

உங்களுக்கு வரவேண்டியதை நான்தான் கூட்டிப் பெருக்கி அள்ளிவிட்டேன் என்று ராப்பகலாக அரித்தது. துக்க வீட்டுக்கு அட்டை என்ன கேடு, விட்டுவிடுவோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் விடவில்லை. அந்த ஆபீசுக்கு எத்தனை முறை போனேன் தெரியுமா? இந்தத் தாள் இல்லை, அந்த நகல் இல்லை, பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த பஸ்ஸில் போய் நின்றேன். கடைசியில் என் தலையைக் கண்டாலே பைலை எடுத்து மேஜையில் வைத்துவிடுவார்கள்.

மறுபடியும் பார்க்க வருகிறோம் என்றார்கள். மதினி, மூன்று நாள் நான் முற்றத்தைக் கூட்டவில்லை. என் கை எப்படி நமநமத்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். அன்றைக்குக் காலையில் அண்ணன் மனசு கேட்காமல் விளக்குமாற்றை எடுத்தான். பிடுங்கிக் கூரையில் செருகிவிட்டேன்.

இந்த முறை வந்தது ஒரு அம்மா. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓலைக்குள் கால் வைத்துத்தான் உள்ளே வர முடிந்தது. அடுப்பில் சிவப்புச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் பழைய சேலையில், வாயில் ஓலையைக் கவ்விக்கொண்டு முடைந்துகொண்டிருந்தார்கள், எழுந்து நிற்கக்கூட இல்லை. வேலையை விட்டு எழுந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டி வைத்திருந்தேன். அந்த அம்மா என்னிடம் வந்து, இது ஓய்வு நேரத்தில் செய்வதா என்று கேட்டார்.

"இல்ல மேடம். இதுதான் எங்க வேலை. சோறாக்குறது, மாடு பாக்குறது எல்லாம் இது போக மிச்ச நேரத்துலதான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அட்டை வந்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஓலை வார்வதற்கு மிஷின் கொடுத்தார்கள், கையைக் கிழிக்காத மிஷின். வெளுக்காத சாயம் காய்ச்சப் பயிற்சி கொடுத்தார்கள். மதுரையில் அரசாங்கக் கண்காட்சியில் கடை போட்டோம். இரண்டு நாளில் பெட்டி தீர்ந்து, மூன்றாம் நாள் வெறும் மேஜைக்குப் பின்னால் மகாராணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். முதல் தடவை பெட்டியோடு போன உங்களைப் பின்வாசலில் நிற்க வைத்த பால்கோவாக் கடைக்காரர், போன வாரம் பெட்டி கேட்டு நம் தெருவுக்கே வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்ப் பொது இடத்தில் நமக்கு ஒரு தொழில்கூடம் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் ஓலையைத் தூக்கிக்கொண்டு இனி யாரும் ஓட வேண்டாம். யாரும் பிச்சை போடவில்லை மதினி, நாம் கேட்டு வாங்கினோம். தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் பெயரிலும் அட்டை வந்திருக்கிறது. பார்வையிட வந்த அம்மாவிடம் நீங்கள் இல்லை என்று சொல்லியிருந்தேன். பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, அட்டை வந்ததும் திருப்பி ஒப்படைத்துவிடுங்கள் என்றார். ஒப்படைப்பேன், சட்டம் சட்டம்தானே. ஆனால் அண்ணன் அதைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி அந்த வரியைப் படித்தான். பிறகு என்னிடம் கேட்டான், "எம்புட்டு நாளு இத நாம வச்சுக்கிடலாம்?"

நாளைக்குத் தொழில்கூடத்தைத் திறக்கிறார்கள். பெரிய அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள். அதுவரைக்கும் உங்கள் அட்டை என் முந்தானையில் முடிந்து இருக்கும், நாளை மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

சற்று முன்னால் ஒருத்தி வந்து, கூடத்தில் கிடக்கிற ஓலையைக் கூட்டி அள்ளி, கழுவிக் கோலம் போட்டுவிடட்டுமா அக்கா என்று கேட்டாள். விளக்குமாற்றை வாங்கி வைத்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன் மதினி, இனி எவ்வளவு பெரியவர் வந்தாலும் நம் வேலையை அள்ளி ஒளித்துவைக்க மாட்டேன். நாளைக்கு வருகிறவர்கள் ஓலையை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

ஒரே ஒரு நாள் தேவைக்கு மேல் கூட்டிவிட்ட
உங்கள் நாத்தனார்,
கனகம்