கோவிந்தன் ஜீப்பின் சென்டர் பேரிங்

நவம்பர் 4, 2003. செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கோவிந்தனின் வாடகை ஜீப்பில் சென்டர் பேரிங் போய்விட்டது. உறுதி. சொன்னவர் பெரம்பலூர் பட்டறை யூசுப் பாய், வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு.

நீள ஜீப். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் அதைத் தாங்க, ரப்பருக்குள் ஒரு பேரிங். ரப்பர் கிழிந்திருக்கிறது. உள்ளே கிரீஸுக்குப் பதில் கொள்ளிடத்துச் சேறு. திருமழபாடி ஆற்றில் ஃபோர் வீல் போட்டு இறங்கியதன் பலன். பாதி, நிருபரான என் வெள்ளச் செய்திகளுக்காக.

"ஏம்ப்பா கோவிந்தா, மாசக்கணக்கா ஊளையிட்டிருக்குமே. கேக்கலியா?"

"ரோட்டுச் சத்தம்னு வுட்டுட்டேன் பாய்."

தீபாவளிக்கு முன் நான் கேட்டபோதும் இதே பதில்.

புது பேரிங் திருச்சியிலிருந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமைதான் வரும். அதுவரை பின் ஷாஃப்ட் பட்டறையில். கழற்றுமுன் மூட்டுகளில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டார் பாய். அதே கோட்டில் மாட்டாவிட்டால் வண்டி உதறுமாம். "ஃபோர் வீல்லயே போங்க. முன்சக்கரம் இழுத்துட்டுப் போவும், இன்ஷா அல்லா."

அரியலூர் திரும்பும் வழி. பின்சீட்டில் செல்லம்மா, கோ.வின் மனைவி. சில மாதங்களாக எல்லாச் சவாரிக்கும் கூட வருகிறார். திடீரென்று குனிந்து, "சார், வண்டி ஏன் ஊமையா வருது? எதுனா கெட்டுப்போச்சா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஊளை இல்லை. ஷாஃப்ட்டே இல்லையே.

கோ. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி அவரைச் சேரவே இல்லை.

நவம்பர் 5. புதன்

மழை. கரண்ட் இல்லை. செட்டிகுளம் வெங்காயச் செய்தி அனுப்பியாயிற்று. குடையை ஜீப்பில் விட்டுவிட்டேன்.

ஸ்டாண்டு டீக்கடையில் மற்ற டிரைவர்கள் கோ.வை வழக்கம்போல் கிண்டல். "என்ன புதுமாப்ள, இன்னிக்கு தனியா?" "அண்ணி ஏறாம வண்டி ஸ்டார்ட் ஆவாதுடா." கோ. எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. முன்பெல்லாம் பதிலுக்குப் பதில் கொடுக்கிற ஆள்.

யோசித்தது: செல்லம்மா எப்போதும் டிரைவருக்குப் பின்னால். கை அவர் தோள்மேல். ஐம்பது தாண்டிய தம்பதி, பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நேற்று பார்த்தேன். பின்னால் சிமெண்ட் லாரி ஹார்ன். செல்லம்மாவின் விரல் அவர் தோளில் ஒரு தட்டு. ஜீப் இடப்பக்கம் ஒதுங்கியது.

கண்டது மட்டும் போதாது. யாராவது வாயால் உறுதி சொல்ல வேண்டும்.

நவம்பர் 6. வியாழன்

குடையைச் சாக்கிட்டு கோ. வீட்டுக்கு. அவர் கடைக்குப் போயிருந்தார். செல்லம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தோளில் தட்டுவதைப் பற்றிக் கேட்டேன். மறைக்கவில்லை.

"சித்திரையிலேர்ந்து அவருக்குக் காது மந்தம் சார். ஹாரன், சைக்கிள் மணி, எல்லாம் நான் தட்டிச் சொல்லிடுவேன். ஒரு தட்டுன்னா பின்னால வண்டி. ரெண்டுன்னா நிப்பாட்டு."

பிறகு அழுகை, ஒன்றுக்காக மட்டும்.

"இந்த ஊளைய மட்டும் சொல்லாம வுட்டுட்டேனே. ஜீப்புன்னா அப்படித்தான் கத்தும்னு இருந்தேன். நான் முன்ன அதுல ஏறினதே இல்லீங்க. சவாரி வண்டில பொண்டாட்டிக்கு என்ன வேலைம்பாரு. நடுரோட்ல ஷாஃப்ட்டு வுழுந்திருந்தா?"

ஏதோ ஆறுதல் சொன்னேன். உருப்படியாக எதுவும் இல்லை.

கோ. வந்தார். செல்லம்மா முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். புரிந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்தார்.

"பேப்பர்ல போட்டுடுவீங்களா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன். "ஆனா டாக்டர்ட்ட போகணும்." உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓட்டாதேன்னுட்டா? எனக்கு வேற என்ன தெரியும்?"

 வண்டியில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், ரோட்டில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொன்னேன். அவர் ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.

"சரி. டாக்டர் சொல்ற வரைக்கும் சவாரி எடுக்கல. வண்டிக்கு பேரிங்கு, எனக்குக் காது. ரெண்டையும் ஒரேயடியா பாத்துருவோம்."

நவம்பர் 7. வெள்ளி

வெயில். பெரம்பலூருக்கு ஜீப்பை நான் ஓட்டினேன். கோ. இடப்பக்க சீட்டில். "கிளட்ச்ச நல்லா மிதிங்க சார். கியர் பாக்ஸ்ல மாவா அரைக்கிறீங்க?" செல்லம்மா இடம் மாறி அவருக்குப் பின்னால். கை தோளில்தான். லாரி ஹார்ன் அடித்தது. அவர் தோளில் ஒரு தட்டு. உடனே அவர் என் முழங்கையைத் தட்டினார். ஒதுங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய் மூவருமே சிரித்தோம்.

புது பேரிங், புது ரப்பர். பெயிண்ட் கோடுகள் நேருக்கு நேர். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, நடுவாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட் இறுக்கம். பாய் உத்தரவு: "ஆத்துல இறக்குனா மறுநாளே கொண்டாங்க. கத்தற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க."

திரும்பும் வழி முழுக்க செல்லம்மா கண்ணை மூடியபடி. அரியலூர் வந்ததும் எழுப்பப் போனேன்.

"தூங்கல சார். நல்லா இருக்கறப்ப எப்படிச் சத்தம் போடுதுன்னு மனசுல வாங்கிக்கிட்டு வரேன். மாறுச்சுன்னா தட்டணும்ல."

பாக்கி: திருச்சி காது டாக்டர், திங்கள் காலை. மிஷின் வைத்தால் கேட்குமா, ஓட்டலாமா. அன்று சாயங்காலம் தெரியும். போக வர நான்தான் ஓட்டுகிறேன்.