மயிரிழை சாய்ந்த சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். கட்டடக்கலைத் தேர்வுக்கு அட்டையில் ஒரு வீடு செய்தேன். ஒரு சுவர் மயிரிழை சாய்ந்திருந்தது. பிரித்துப் பிரித்து ஒட்டியும் நேராகவில்லை. கடைசியில் நானே அதை மிதித்து நொறுக்கிவிட்டேன்.

“லூசாடி நீ? அப்படியே கொடுத்திருந்தா பாஸாவது ஆகியிருப்பே!” என்றாள் அறைத்தோழி. கணிதம் படிப்பவள். ஒரு விடையில் சந்தேகம் வந்ததற்காகப் போன வாரம் தேர்வுத்தாள் முழுவதையும் அடித்துவிட்டு வந்தவள்தான் அவளும். இருவரும் சிரித்தோம். பிறகு யார் முதலில் அழுதது என்று தெரியவில்லை.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். போனில் மார்க் மட்டும் கேட்காதீர்கள், அப்பா. வேறு எதையாவது பேசிக்கொண்டே இருங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. படுக்கையை விட்டு எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

உங்கள் மகள்